பாலைவனத்திலும் பால் திரியவில்லை!

நம் வீடுகளில் பிரயாணம் என்றாலே கட்டுசாதக் கூடைதான் முதலில் ஞாபகத்துக்கு வரும். புளியோதரை, மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளித்துப் போகாமல் இருக்கப் பாலை ஊற்றிப் பிசைந்த தயிர்சாதம்... எது தாங்குமோ அதுதான் கூடைக்குள் போகும். கெட்டுப் போகிற சாமானைக் கையில் எடுக்காதே என்பது பாட்டிமார்கள் வகுத்த சட்டம். ஆனால், எடுத்துப் போயே தீரவேண்டிய சாமான் ஒன்று இருந்து, அது உஷ்ணத்தில் கெடுவதாகவும் இருந்துவிட்டால் என்ன செய்வது?

எங்களுக்கு அந்தச் சாமான் இன்சுலின்.

என் கணவருக்கு 15 வருஷமாகச் சர்க்கரை. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தபோது, ஏப்ரல் மாதப் பள்ளி விடுமுறையில் காரிலேயே பாலைவனம் பார்த்துவிட்டு வரலாம் என்று மாப்பிள்ளை திட்டம் போட்டார். 8 நாள், போக வரக் கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர். "கூடாரம் அடிச்சுத் தங்கலாம், நாமே சமைச்சுக்கலாம்" என்றாள் மகள். பேத்திக்கு ஒரே குதூகலம். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

"ஏண்டி, அப்பாவோட மருந்தை எங்கே வைக்கிறது?"

"அதுக்குத்தாம்மா ஒரு ஃப்ரிட்ஜ் வாங்கப் போறோம். கார்லேயே வெச்சு எடுத்துண்டு போற ஃப்ரிட்ஜ்."

காரில் வைக்கும் ஃப்ரிட்ஜா? பொம்மைச் சாமான் மாதிரி ஏதோ இருக்கும் என்றுதான் நினைத்தேன். கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது, அதில் எத்தனை விஷயம் இருக்கிறது என்று. நம் ஊரிலும் காரில் காசி வரை போய் வருகிற குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டதால், நான் பார்த்ததையும் கேட்டதையும் இங்கே சொல்கிறேன்.

மருந்து கேட்கும் குளிர்

கடைக்குப் போகுமுன் ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிரிக்காத இன்சுலின் 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்ஸியஸுக்குள் இருக்க வேண்டும். பிரித்து உபயோகத்தில் இருப்பது, வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் சுமார் 4 வாரம் தாங்கும். சரியான கணக்கு மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் சீட்டில் போட்டிருக்கும். வெயில் பட்டால் வீரியம் குறைந்துவிடும் என்பது எல்லாருக்கும் தெரியும். உறைந்து போனாலும் கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. ஒரு தடவை உறைந்த இன்சுலினை, உருகிய பிறகு பார்க்க நன்றாகவே இருந்தாலும், உபயோகிக்கக் கூடாது.

ஆகவே, 'நல்லா ஜில்லுனு இருக்கும்' என்று கடைக்காரர் சொன்னால் போதாது. வெளியே என்ன வெயில் அடித்தாலும் உள்ளே ஒரே மாதிரி குளிர் நிற்கிறதா என்று கேட்க வேண்டும். இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குள் நுழைந்தால் பாதி வேலை முடிந்தது.

கடையில் நான்கு வகை

அடிலெய்டில் கூடாரச் சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடைக்குப் போனோம். வயதான ஊழியர் ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் திறந்து காட்டினார்.

முதலாவது, சாதாரண ஐஸ் பெட்டி. ஒரு கம்பெனியின் பெயரை வைத்து அங்கே இதை 'எஸ்கி' என்றே சொல்கிறார்கள். கரண்ட் வேண்டாம், ரிப்பேர் இல்லை, விலையும் குறைச்சல். ஒரு நாள் உல்லாசப் பயணத்துக்கு இதுவே போதும். ஆனால் நாள் ஆக ஆக ஐஸ் உருகித் தண்ணீர் நிற்கும். வெண்ணெய்ப் பொட்டலம் நீச்சலடிக்கும். ஃப்ரீஸரிலிருந்து அப்போதுதான் எடுத்த ஐஸின் மேல் மருந்தை நேராக வைத்தால் உறைந்து போகும் அபாயம் வேறு.

இரண்டாவது, 'தெர்மோ எலெக்ட்ரிக்' பெட்டி. 1834-ல் பிரான்ஸ் நாட்டு பெல்டியே கண்டுபிடித்த தத்துவத்தில் வேலை செய்கிறது. இரண்டு வகை உலோகங்கள் சேருமிடத்தில் மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சுடும். எடை குறைவு, விலையும் மலிவு. நம் ஊரில் 'ஹாட் அண்ட் கோல்ட்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இதுதான். இதன் ரகசியம் அட்டைப்பெட்டியில் சின்ன எழுத்தில் இருக்கும்: வெளி உஷ்ணத்தை விடச் சுமார் 18, 20 டிகிரிதான் குறைக்கும். வேலூர் வெயில் 42 டிகிரி அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 22 டிகிரி. மோர் குடிக்கலாம், பிரிக்காத இன்சுலினை வைக்க முடியாது.

மூன்றாவது, காஸில் ஓடுவது. காஸ், காரின் 12 வோல்ட், வீட்டு மின்சாரம் மூன்றிலும் வேலை செய்யும். 1922-ல் ஸ்வீடனில் பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இரு மாணவர்கள் கண்டுபிடித்த முறை இது. சத்தமே கிடையாது. ஆனால் சமதளத்தில் நேராக நிற்க வேண்டும். கடும் வெயிலில் திணறும். காஸ் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு வரக்கூடும் என்பதால் கூடாரத்துக்குள்ளும் மூடிய வண்டிக்குள்ளும் எரிய விடவே கூடாது.

நான்காவது, கம்ப்ரஸர் உள்ளது. நம் வீட்டு ஃப்ரிட்ஜின் குட்டித் தம்பி. வெளியே 40 டிகிரி இருந்தாலும் உள்ளே 4 டிகிரி என்றால் 4 டிகிரி. வேண்டுமானால் ஐஸ்கிரீமும் வைக்கலாம். வண்டி கொஞ்சம் சாய்ந்தாலும் கவலையில்லை. விலைதான் தலை சுற்றும்: சில நூறு டாலரில் ஆரம்பித்து ஆயிரத்துக்கு மேலும் போகிறது.

"ரெண்டு மூணு லிட்டர் பாலும் கோக்கும் வெக்கறதுக்கு இவ்வளவு விலையா?" என்றார் இவர்.

"மாமா, இது பாலுக்காக இல்லே, உங்களுக்காக" என்றார் மாப்பிள்ளை. அதற்கப்புறம் இவர் வாயைத் திறக்கவில்லை.

உறுதியைச் சோதிப்பது எப்படி?

கம்ப்ரஸர் என்று முடிவானதும், எதை வாங்குவது என்ற கேள்வி. வெளியே பளபளவென்று இருப்பதைப் பார்த்து மயங்கக் கூடாது என்று அந்த ஊழியர் சொல்லிக் கொடுத்தவை இவை:

மூடியின் கீல், தாழ்ப்பாள், கைப்பிடி மூன்றும் முதலில் உடையும் இடங்கள். உலோகமாக, திருகாணி போட்டு முடுக்கியதாக இருக்கட்டும். 40 லிட்டர் பெட்டி காலியாகவே 20 கிலோ வரை இருக்கும். சாமானோடு இரண்டு பேர் தூக்க வேண்டும். கைப்பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் அது எத்தனை நாளைக்கு?

மூடியின் ரப்பருக்கு ஒரு எளிய பரீட்சை. ஒரு ரூபாய் நோட்டை விளிம்பில் வைத்து மூடியைச் சாத்தி, நோட்டை இழுத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த வழியாகவே குளிரும் வெளியே போகும்.

சுவர் தடிமனாக இருக்க வேண்டும். மெல்லிய சுவர் வைத்து 'உள்ளே இடம் அதிகம்' என்று காட்டும் பெட்டிகள் உண்டு. அதில் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், பேட்டரி சீக்கிரம் தீரும்.

அலமாரிக் கதவு மாதிரி முன்பக்கம் திறப்பதை விட, மேலே திறக்கும் பெட்டி மேல். குளிர்ந்த காற்று கனமானது; மேலே திறந்தால் உள்ளேயே தங்கும், முன்னால் திறந்தால் பொலபொலவென்று காலடியில் கொட்டிவிடும்.

கம்ப்ரஸருக்குத் தனி உத்தரவாதம் உண்டா, நம் ஊரிலேயே பழுது பார்ப்பவர் உண்டா, கீலும் ரப்பரும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். மூன்றுக்கும் 'ஆமாம்' என்று பதில் வராவிட்டால் மலிவு விலை மலிவே அல்ல.

இதோடு நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன். வீட்டிலிருந்து 2 லிட்டர் பால் பாட்டில் ஒன்றைக் கையோடு கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அதை நிறுத்திப் பார்த்தேன். 40 லிட்டர் என்று எழுதிய இரண்டு பெட்டிகளில் ஒன்றில் பாட்டில் நின்றது. மற்றொன்றில் படுக்க வைக்கத்தான் முடிந்தது. ஊழியர் சிரித்துவிட்டார். சிரித்தால் சிரிக்கட்டும், பால் கொட்டினால் துடைப்பவள் நான்தானே!

நின்ற பெட்டியையே வாங்கினோம்.

பேட்டரிக் கணக்கு

ஃப்ரிட்ஜ் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பேட்டரி தீர்ந்தால் அது வெறும் பெட்டிதான். எங்களுடையது ஓடும்போது 4 ஆம்பியர் போல இழுக்கும். குளிர்ந்ததும் நின்று நின்று ஓடுவதால் ஒரு நாளைக்குச் சராசரியாக 30, 40 ஆம்பியர்-மணி ஆகும். வெயில் அதிகமானாலோ மூடியை அடிக்கடி திறந்தாலோ இன்னும் கூடும். காரை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலேயே இரவெல்லாம் ஓட விட்டால் காலையில் கார் கிளம்பாது. அதனால் மாப்பிள்ளை இரண்டாவது பேட்டரி ஒன்று வைத்து, ஃப்ரிட்ஜுக்கென்று தடிமனான ஒயரைத் தனியாக இழுத்தார். மெல்லிய ஒயரில் வோல்டேஜ் குறைந்து ஃப்ரிட்ஜ் தானாகவே நின்றுவிடுமாம். நாள் முழுக்க ஒரே இடத்தில் தங்கினால் உபயோகப்பட, 120 வாட் சோலார் தகடு ஒன்றும் எடுத்துக்கொண்டோம்.

பெட்டியைக் காரின் பின்பக்கம் வைத்து, நாடாவால் நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டினார். சடன் பிரேக் போட்டால் 40 கிலோ பெட்டி பீரங்கிக் குண்டு மாதிரி முன்னால் பாயும் அல்லவா? காற்றுத் துவாரங்களைத் தலையணை, போர்வை எதுவும் மறைக்காமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

கிளம்புவதற்கு முந்தின நாளே வீட்டு மின்சாரத்தில் போட்டுக் குளிர வைத்தோம். உள்ளே வைத்த சாமான்களும் வீட்டு ஃப்ரிட்ஜில் ஏற்கெனவே குளிர்ந்தவை. இன்சுலினைச் சின்ன டப்பாவில் போட்டு, துண்டில் சுற்றி, நடுவில் வைத்தேன். குளிரூட்டும் குழாய்கள் பெட்டியின் சுவருக்குள் இருப்பதால் ஓரத்தில் வைத்தால் உறையக்கூடும். உபயோகத்தில் இருந்த பேனா மட்டும், தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பையில் இவர் கையோடு இருந்தது. எல்லா மருந்தையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது எங்கள் டாக்டரின் கட்டளை.

கடைசியாக, சின்னத் தெர்மாமீட்டர் ஒன்று. அதன் உணர்முனை ஃப்ரிட்ஜுக்குள், காட்டும் முகம் டிரைவர் பக்கத்தில். 7 டிகிரி தாண்டினால் கீச்சென்று கத்தும்.

செம்மண் பூமியில்

முதல் நாள் போர்ட் அகஸ்டா வரை 310 கிலோமீட்டர். கோதுமை வயல்கள், ஆடுகள், தூரத்தில் நீல மலைகள். அதைத் தாண்டி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பியதும் உலகமே மாறிவிடுகிறது. சிவந்த மண், முழங்கால் உயரச் செடி, வானம். அவ்வளவுதான். ஊர் என்பது ஒரு பெட்ரோல் பங்க். கிளென்டாம்போ என்ற இடத்தில் 'அடுத்த பெட்ரோல் 254 கிலோமீட்டர்' என்று சொல்கிறார்கள். சென்னையிலிருந்து விழுப்புரத்தையும் தாண்டி உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் வரை ஒரு டீக்கடை கூட இல்லை என்று கற்பனை செய்து பாருங்கள்!

அதற்கு முன் ஹார்ட் ஏரி. பெயர்தான் ஏரி, பார்த்தால் உப்பு. வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசுகிறது. அதன் கரையில் இரவு தங்கினோம். காலையில், வீட்டில் அரைத்து எடுத்து வந்த மாவில் தோசை வார்த்தேன். மாவு பொங்கவும் இல்லை, புளிக்கவும் இல்லை. பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரத் தம்பதி வாசனை பிடித்து வந்து ஆளுக்கு இரண்டு சாப்பிட்டார்கள்.

மூன்றாம் நாள் கூபர் பீடி. 1915-ல், 14 வயதுப் பையன் ஒருவன் இங்கே ஓபல் கல்லைக் கண்டெடுத்தான். அதிலிருந்து ஊரே சுரங்கமாகிவிட்டது. வெயிலுக்குப் பயந்து மக்கள் பூமிக்கடியில் குடைந்து வீடு கட்டியிருக்கிறார்கள். சர்ச் கூட பூமிக்கடியில்! நாங்கள் தங்கிய அறையும் அப்படித்தான். வெளியே எப்படி இருந்தாலும் உள்ளே 23, 25 டிகிரிக்குள்தான் இருக்கும். இந்த ஊரிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2-ந் தேதி 50.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. சுவர் தடிமன் என்றால் என்ன என்று அந்தக் குகை அறையில் உட்கார்ந்தபோது எனக்கு நன்றாக விளங்கியது.

அந்தக் காலத்தில் இந்த மனிதர்கள் பாலையும் வெண்ணெயையும் எப்படிக் காப்பாற்றினார்கள்? மேற்கு ஆஸ்திரேலியாவில் கூல்கார்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் 1890-களில் ஒரு பெட்டி செய்தார்களாம். நான்கு பக்கமும் சாக்குத் துணி, மேலே தண்ணீர்த் தட்டு. தண்ணீர் துணியில் கசிந்து இறங்க, காற்று பட்டு ஆவியாக, உள்ளே குளிரும். நம் மண்பானையும் வெட்டிவேர்த் தட்டியும் செய்கிற அதே வேலை! ஆனால் காற்று வறட்சியாக இருந்தால்தான் இது பலிக்கும். சென்னையின் புழுக்கத்தில் பாதி பலன்கூடக் கிடைக்காது.

ஒரு ஃப்யூஸ் செய்த வேலை

கூபர் பீடியிலிருந்து வில்லியம் க்ரீக் வரை 166 கிலோமீட்டர் மண் சாலை. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாதிரி வரிவரியாக இருக்கிறது. பல்லெல்லாம் கடகடவென்று ஆடியது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருப்போம். தெர்மாமீட்டர் கீச்சென்று கத்தியது.

"7 டிகிரி காட்டறது, மாமா!" என்று மாப்பிள்ளை காரை ஓரம் கட்டினார்.

சுற்றிலும் ஒரு மனிதர் இல்லை, ஒரு மரம் இல்லை. செல்போனில் சிக்னலும் இல்லை. என் மனசு என்ன பாடுபட்டிருக்கும் என்று சொல்ல வேண்டுமா? இவரோ, "பதறாதே. கையிலே ஒரு பேனா இருக்கு. ஏழு டிகிரிக்கெல்லாம் மருந்து கெடாது" என்று எனக்கே தைரியம் சொன்னார்.

ஃப்ரிட்ஜில் ஒரு குறையும் இல்லை. கீல், தாழ்ப்பாள், கம்ப்ரஸர் எல்லாம் கல்லு மாதிரி இருந்தன. ஒயர் நடுவில் இருக்கும் ஃப்யூஸ்தான் குலுக்கலில் தளர்ந்து, சூடேறிக் கருகியிருந்தது. மாப்பிள்ளை பையிலிருந்து மாற்று ஃப்யூஸ் எடுத்துப் போட்டு, பிடியையும் இறுக்கினார். 10 நிமிஷ வேலை. அதுவரை மூடியைத் திறக்கவே இல்லை. திறந்து திறந்து பார்த்திருந்தால் இருக்கிற குளிரும் போயிருக்கும். வில்லியம் க்ரீக் போய்ச் சேரும்போது மறுபடி 4 டிகிரி.

நூற்றுக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய பெட்டியை, சில்லறைக் காசு பெறாத ஃப்யூஸ் நிறுத்திவிடும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் சாயங்காலம் கூடாரம் அடித்து மூடியைத் திறக்கும்போதுதான் தெரிந்திருக்கும். அதற்குள் எத்தனை டிகிரி ஏறியிருக்குமோ!

அப்புறம் பிரயாணம் சுகம்தான். கவர்ட் ஸ்பிரிங்ஸில் பேரீச்ச மரத்தடியில் கூடாரம். பூமியிலிருந்து தானாகப் பொங்கி வரும் ஊற்றில் குளியல். வழி நெடுக, 1980-ல் நின்று போன பழைய 'கான்' ரயில் பாதையின் மிச்சங்கள். மேரீ ஊரில் அந்தக் காலத்து ஒட்டகக்காரர்கள் குடியிருந்தார்கள். 'ஆப்கானியர்' என்று பொதுப்பெயர் வைத்தாலும் அவர்களில் அன்றைய இந்தியாவின் வடமேற்குப் பக்கத்தவரும் உண்டு. எட்டாம் நாள் அடிலெய்ட் திரும்பியபோது டப்பாவில் மிச்சமிருந்த இன்சுலின் பத்திரம்; கடைசிப் பாட்டில் பாலில் காபியும் போட்டாயிற்று.

நம் ஊர்ப் பிரயாணத்துக்கு

ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கு நல்ல ஐஸ் பெட்டி போதும். ஐஸுக்கும் மருந்துக்கும் நடுவே ஒரு துண்டை மடித்து வையுங்கள். இன்சுலின், குளிரில் வைக்க வேண்டிய வேறு மருந்து, கைக்குழந்தையின் பால் இவற்றோடு பல நாள் வெயிலில் போவதென்றால் கம்ப்ரஸர் உள்ளதையே வாங்குங்கள். அவ்வளவு பணம் போட முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். தங்கும் விடுதி ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளலாம். ஃப்ரீஸர் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

எந்தப் பெட்டியானாலும் தெர்மாமீட்டரும் இரண்டு மாற்று ஃப்யூஸும் கூடவே வாங்கிவிடுங்கள். சமைத்த பண்டம் 5 டிகிரிக்குள் இருந்தால்தான் பத்திரம். சூட்டோடு உள்ளே வைக்காதீர்கள். முதலில் வேண்டியது மேலே, கடைசியில் வேண்டியது அடியில். என்னென்ன எங்கே இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி மூடியில் ஒட்டிவிட்டால், குழந்தைகள் மணிக்கொரு தரம் திறந்து துழாவ மாட்டார்கள். நிறுத்திய காருக்குள் மருந்தை விட்டுவிட்டுக் கோயிலுக்குள் போகாதீர்கள். விமானத்தில் போனால் மருந்து கைப்பையில்தான். கீழே போகும் பெட்டியில் உறைந்து போகலாம். டாக்டர் சீட்டையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் சமையல் சோடா கரைத்து உள்ளே துடைத்து, ஈரம் போகக் காய வைத்து, மூடியில் ஒரு குச்சியைச் செருகிக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். பூஞ்சணம் பிடிக்காது, வாடையும் வராது. அடுத்த பிரயாணத்துக்குப் பெட்டி தயாராக இருக்கும்.